பெரியம்மாவைப் பூசையில் வைத்த நாள்

பவழத்திட்டு சோடா ஆலைக்குப் பெரியம்மா வந்த புதிதில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு கண்ணிமைப்பு நேரம் எடுத்துக்கொண்டாள். அது மிகவும் அதிகம் என்று நிர்வாகம் கருதியது.

பெரியம்மா என்பது ஓர் இயந்திரம். சூளை, கொதிகலன், குழாய், தொட்டி என்று ஆலை முழுக்கப் பல்லாயிரம் மானிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நொடியும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். இவ்வளவு சூடு, இவ்வளவு அழுத்தம், இவ்வளவு மட்டம். அத்தனையையும் ஒன்றுவிடாமல் வாங்கி வைத்துக்கொண்டு, என்றைக்கு எவர் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. விற்ற கம்பெனி அதற்கு மூன்று எழுத்தும் ஓர் எண்ணுமாக ஒரு பெயர் வைத்திருந்தது. கட்டுப்பாட்டு அறையில் அந்தப் பெயர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எந்தக் கல்யாணத்தில் யார் என்ன சீர் செய்தார்கள், எந்தப் பந்தியில் யார் இலைக்கு அப்பளம் விட்டுப்போனது என்று வருடக்கணக்காக நினைவில் வைத்திருந்து, வேண்டாத நேரத்தில் எடுத்துவிடும் பெரியம்மா இல்லாத குடும்பம் அந்தக் கடற்கரையில் கிடையாது. ஆகவே பெரியம்மா.

தங்கக்கனி அந்த அறையில் பகல் ஷிப்ட் ஆபரேட்டர். பெரியம்மாவிடம் அதிகம் பேசுகிறவள் அவள்தான். பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு என்ன கேட்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வருவாள். வழி நெடுக உப்பளங்கள். வெயில் ஏறாத காலையில் வானமும் பாத்தியும் ஒரே நிறமாகிப் பூநாரைகள் எதன்மேல் நிற்கின்றன என்று தெரியாமல் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு வந்தால் யாருக்கும் யோசனை வரும்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள். நேற்று ராத்திரி சுண்ணாம்புச் சூளையின் சூடு எப்படி இருந்தது என்று கேட்க நினைத்திருந்தாள். சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினால், திரையில் நேற்று ராத்திரி சுண்ணாம்புச் சூளையின் சூடு ஒரு கோடாக நெளிந்துகொண்டிருந்தது.

“சூளைக் கணக்க யாரண்ணே கேட்டது?” என்றாள்.

“யாரும் கேக்கலியே” என்றார் மச்சாது. ஆரோக்கிய மச்சாது கருவிப் பிரிவு என்ஜினியர். பெரியம்மாவுக்கு வைத்தியம் பார்ப்பவர். அப்போது அவள் முதுகுப் பலகையைக் கழற்றிவைத்துவிட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தப் பதிலின் அடியிலும் கேட்டவர் பெயரைப் போடுவது பெரியம்மா வழக்கம். இதன் அடியிலும் போட்டிருந்தது. கேட்டவர்: தங்கக்கனி.

கனி கொஞ்ச நேரம் அந்தப் பெயரைப் பார்த்தாள். பிறகு, பதில் சொல்லிவிட்டு ஒருத்தி காத்திருக்கும்போது கேட்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றவே, உட்கார்ந்து கேள்வியைத் தட்டினாள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டாளே.

“என்னண்ணே இது?”

மச்சாது டார்ச்சை அணைத்தார். “பதில் வார நேரத்தப் பாதியாக் கொறச்சேன். மேனேஜர் பத்தாதுன்னாரு. மறுபடியும் பாதி. அதுவும் பத்தாது. கொறச்சுக் கொறச்சு நேத்து பூச்சியத்துக்கு வந்துட்டு. சார், இதுக்கு மேல வழியில்லன்னேன். ‘போட்டிக் கம்பெனிக்காரனும் பூச்சியத்துலதான் இருக்கான், நாம அவனைவிட வேகமா இருக்க வேண்டாமா’ன்னாரு. சரின்னு திருகுனேன்.”

“எத?”

“திருகுததுக்கு ஒண்ணு இருந்துச்சு, திருகுனேன். பூச்சியத்துக்கு அந்தால என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பியே.”

மேனேஜர் ஞானசிகாமணிக்கு வேகத்தின்மேல் ஒரு பக்தி உண்டு. ஆறும்வரை காத்திராமல் காபி குடித்து, வருஷம் முழுவதும் வெந்த நாக்கோடு திரிபவர். செய்தி கேட்டு அவர் சந்தோஷப்பட்டதில் ஆச்சரியமில்லை. இன்னும் திருகச் சொன்னார். பதில்கள் அரை நாள் முன்னால் வந்தன, பிறகு ஒரு நாள், பிறகு ஒரு வாரம். அதோடு திருகு நகர மறுத்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை யாராவது பெரியம்மாவிடம் எதையாவது கேட்கப்போகிறார்கள் என்றால், அதற்கான பதில் இந்த வெள்ளிக்கிழமை மாலையே வந்து அவரவர் பெயரில் உட்கார்ந்துவிடும். கொதிகலன் அடுத்த வாரம் எவ்வளவு கொதிக்கும் என்பதை இந்த வாரமே படித்துக்கொள்ளலாம்.

வந்த பதிலுக்குக் கேள்வி கேட்காமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று மேனேஜருக்கு ஒரு தரம் சோதித்துப் பார்க்க ஆசை. இன்ன பதிலுக்கு ஒருவரும் கேள்வி கேட்கக் கூடாது என்று அறிக்கை ஒட்டினார். குறித்த நேரத்துக்கு அறையைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கென்று ஆலையைப் பார்க்க வந்த ஒரு பெரிய அதிகாரியைத் தாமே உள்ளே அழைத்துப்போக வேண்டியதாயிற்று. விளக்கிச் சொல்லும் உற்சாகத்தில் மேனேஜர் பின்னால் சாய, அவர் முழங்கை விசைப்பலகையில் ஊன்ற, கேள்வி எழுத்துப் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்த விளையாட்டுக்குப் போகவில்லை. இதை நம்பாதவர்கள் நேரில் போய் விசாரிக்கலாம். பவழத்திட்டுக்குக் காலையில் பஸ் உண்டு. திரும்பி வருவதற்குத்தான் இல்லை.

ஆலை ஒரு மாதிரியான தூக்கத்துக்குள் போயிற்று. கெட்ட தூக்கமில்லை. மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேப்பங்காற்றில் கிடப்பது போன்றது. எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் யாரும் எதையும் எட்டிப் பார்க்கப் போகவில்லை. பெரிய கம்ப்ரசரின் பேரிங் இன்ன நேரத்துக்குச் சூடேறும் என்று தெரிந்தால், புது பேரிங்கோடு ஆட்கள் அந்த நேரத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பதுபோல் வரிசையாக நிற்பார்கள். மேளம் ஒன்றுதான் குறை. சொன்னபடி சூடேறும். நிறுத்துவார்கள், மாற்றுவார்கள், டீ குடிப்பார்கள். ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு நாளுக்குள் தினமும் வேலைக்கு வருவதுபோல் இருக்கிறது என்று கனிக்குத் தோன்றும். உப்பளத்துப் பூநாரைகள்கூடப் போன வாரம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தெரியும்.

மாடக்கண்ணு செத்தது அந்தத் தூக்கத்தின் நடுவில்தான்.

மாடக்கண்ணு காண்டிராக்ட் கூட்டத்து ஆள். உப்புநீர்த் தொட்டிகளுக்குள் இறங்கி அடியில் படியும் வண்டலை வெட்டியெடுப்பது அவர்கள் வேலை. கனியின் தம்பி இசக்கிராஜும் அதே கூட்டம்தான். சூளையிலிருந்து வரும் கரியமிலக் காற்று ஒரு பழுதான வால்வு வழியாகத் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. காற்றைவிடக் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மாடக்கண்ணு அதற்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். இசக்கிராஜ்தான் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, அவனைத் தோளில் போட்டு ஏணி ஏறினான். மேலே வந்து இறக்கியபோது தோளில் இருந்தது வெறும் கனம்தான்.

அந்தத் தொட்டியிலும் மூச்சுக்காற்று எவ்வளவு என்று அளக்கும் மானி இருந்தது. “பெரியம்மா ஏன் சொல்லல?” என்று கனி எல்லாரையும் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

விசாரணைக் கமிட்டி போட்டார்கள். அதில் ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்குக் கண் ஆபரேஷன். மாடக்கண்ணுவின் காரியமெல்லாம் முடிந்து, அவன் மனைவி தலைச்சுமையாக மீன் விற்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள், கனியின் கண்ணெதிரே பெரியம்மாவின் திரையில் ஒரு கோடு வந்தது. தட்டையாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு, கால் தவறினவன்போல் சட்டென்று கீழே விழுந்தது. அந்தத் தொட்டி, அந்த நாள், அந்த மணி. கேட்டவர்: விசாரணைக் கமிட்டி.

“அடுத்த வாரம் கேக்கப் போறாவ” என்றார் மச்சாது மெதுவாக. “அதுக்கு இப்ப பதில் வந்திருக்கு.”

“அவன் செத்த அன்னைக்கே யாராச்சும் கேட்டிருந்தா?”

“அதுக்கு ஒரு வாரம் முந்தி வந்திருக்கும்.”

“அவன் எறங்கியிருக்க மாட்டான்.”

“மாட்டான்.”

“கம்ப்ரசர் கொஞ்சம் முக்குனா அந்த நிமிசமே நாலு பேரு ஓடிவந்து கேக்கியளே அண்ணே.”

மச்சாது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“யாருக்காக ஒடனே கேக்கமோ, அவனுக்குத்தான் பெரியம்மா முன்கூட்டிச் சொல்லுதா” என்றாள் கனி. “அவ மேல தப்பில்ல.”

“இன்னொண்ணும் இருக்கு கனி. மானி காட்டப் போறத நம்மால மாத்த முடியாது. அந்தக் காத்து அன்னைக்குக் கெட்டுத்தான் போவும். ஆனா உள்ள ஆளு இருக்கணுமா வேண்டாமாங்கிறது மானியில கெடையாது. அது நம்ம கையில. பெரியம்மாவுக்கு மானியத்தான் தெரியும், மனுசனத் தெரியாது.”

அன்று சாயங்காலமே கனி முடிவு செய்தாள். தினமும் ஷிப்ட் முடியும்போது, ஆள் இறங்கின, இறங்க இருந்த ஒவ்வொரு தொட்டியின் காற்றையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது. ஒன்றும் ஆகாவிட்டாலும் கேட்பது. முடிவு செய்த கையோடு தன் பெயரில் கிடந்த பழைய பதில்களைத் தள்ளிப் பார்த்தாள். அன்றைய தொட்டிகளின் காற்று, கேட்டவர் தங்கக்கனி என்று போன வாரமே வந்து கிடந்தது. மச்சாது ஏதோ சோதனை போடுகிறார் என்று நினைத்து அவள் திறக்காமல் விட்டிருந்தாள். அவள் மனம் அப்படித் திரும்பும் என்று அவளுக்கு முன்னால் பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பெரியம்மாக்கள் அப்படித்தான்.

“கனி ஜெபம் சொல்லப் போயிட்டா” என்று கேலி செய்தார்கள். ஷிப்ட் பஸ் டிரைவர் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார். அவள் கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள்.

ஒரு நாள் கோடு விழுந்தது. வரும் வியாழன், கடலோரத் தொட்டி, மத்தியானம். கனி நேரே கூட்டத்திடம் போய்ச் சொன்னாள். அந்த வியாழக்கிழமை எல்லாரும் தொட்டிக்குத் தள்ளி ஓர் உடைமரத்து நிழலில் சீட்டு விளையாடினார்கள். மேனேஜர் வந்து சும்மா இருக்கிற ஆட்களைப் பார்த்து வாயைத் திறந்தார், கனி நீட்டிய கோட்டைப் பார்த்து மூடிக்கொண்டார். சொன்ன நேரத்துக்கு, யாருமே இல்லாத தொட்டிக்குள் காற்று கெட்டது. இசக்கிராஜ் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எக்கா” என்றான். “ஆளில்லாத எடத்துல போயி காத்து தனியாச் செத்துக் கெடக்கு பாரு.”

இந்தமட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகுதான் கனியின் பதில்கள் நின்றன.

ஆயுத பூசைக்கு முந்தின வாரம். ஆயுத பூசை நாளுக்கான அவளுடைய பதில்கள் வரவேண்டிய மாலையில் திரை வெறுமையாக இருந்தது. மறுநாள் பார்த்தாள், அதற்கும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பூசை நாளிலிருந்து தங்கக்கனி என்ற பெயரில் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை என்று பெரியம்மா சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆலையில் எதையும் மறைக்க முடியாது. கேண்டீனில் கனியின் தட்டில் இரண்டு வடை விழுந்தது. கேளாமலே விழுந்த வடை. பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு, அவள் வரும்வரை துண்டால் சீட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத எடைமேடை கோமதிநாயகம் வந்து, “மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க” என்றார். எதை என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அந்த ஆலையில் அந்த வாக்கியம் அதற்கு முன்னால் பேசப்பட்டதே இல்லை.

கனி லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு, சாகப்போகிறவளுக்கு இவ்வளவு லேசாக இருக்குமா என்று அவளே வியக்கும்படி ஒரு மிதப்பு வந்தது. நெடுநாளைக்குப் பிறகு அவளுக்கு ஒரு நாள் எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருந்தது. பூநாரைகள் அன்று இடம் மாறி நின்றன. ஒன்று பறந்தது. அது எங்கே போய் இறங்கும் என்று பஸ் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள்.

பூசைக்கு முதல் நாள் ஸ்டோர் ரூமுக்குக் கயிறு எடுக்கப் போனவள், சுவரோரம் சுருட்டி வைத்திருந்த ஒரு ஃபிளெக்ஸைப் பார்த்தாள். ஓரத்தில் தன் சேலை மாதிரி இருக்கிறதே என்று விரித்தாள். கண்ணீர் அஞ்சலி. நடுவில் அவள் படம். கீழே கட்டுப்பாட்டு அறை நண்பர்கள் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள், ஓரத்தில் சின்னதாக இசக்கிராஜும்.

பின்னால் வந்த மச்சாது அப்படியே நின்றுவிட்டார். “கடைசி நேரத்துல போனா பூசை சீசன்ல பிரிண்ட் கெடைக்காதுன்னான்…”

“எந்தக் கல்யாணத்துல எடுத்த படம் அண்ணே இது? வாயத் தொறந்துக்கிட்டு இருக்கேன்.”

“ஒன் போட்டோ வேற ஒண்ணும் சிக்கல.”

“கேட்டிருந்தாத் தந்திருப்பம்லா” என்றாள் கனி. ஃபிளெக்ஸைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு, வந்த காரியமான கயிற்றைத் தேடினாள். மாடக்கண்ணுவுக்குப் பிறகு, இறங்குகிறவன் இடுப்பில் கயிறு இல்லாமல் இறங்கக் கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

பூசையன்று ஆலை நின்றது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லா இரைச்சலும் அடங்கிக் கடல் சத்தம் கேட்கும். கொதிகலனுக்கு விபூதிப் பட்டை, கம்ப்ரசருக்கு மாலை, லாரிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். வாசலில் பூசணிக்காய். பொரி, கடலை, சுண்டல் வாசனை.

கனி கட்டுப்பாட்டு அறைக்கு வந்தபோது வாசலிலேயே மேனேஜர் தடுத்தார். நெற்றியில் பெரிய குங்குமம்.

“இன்னைக்கு யாரும் தொடக் கூடாதும்மா. இந்த வருஷத்திலிருந்து பெரியம்மாவையும் பூசையில் வச்சாச்சு. யோசிச்சுப் பார்த்தா அவங்க ஆயுதமும்தான், புத்தகமும்தான். புத்தகத்தை இன்னைக்குப் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது இல்லையா? மானிகளோட இணைப்பையும் கழற்றிவிடச் சொல்லிட்டேன். பாவம், அவங்களும் ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும்.”

உள்ளே பெரியம்மாவின் நெற்றியில் சந்தனம் அப்பியிருந்தது. திரைமேல் பட்டுத்துணி. பக்கத்து நாற்காலியில் கோமதிநாயகம், புது மாப்பிள்ளைபோல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் இடத்துக்கு அவரைப் போட்டிருந்தார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்காமல் கனி, “நல்லா இருங்க அண்ணாச்சி” என்றாள். போகும்போது, “ஆளு எறங்குன தொட்டிக் காத்தக் கேளுங்க. தெனமும். மறந்துராதீங்க” என்றும் சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். சாகப்போகிறவள் சொன்னதை யார் தட்டுவார்கள்?

வெளியே வந்து பாதி முற்றம் நடந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. தொட்டிகளிலேயே பெரியது தாய்த்தொட்டி. ஆலை ஓடும்போது அதைக் காலி செய்ய முடியாது. ஆலை நிற்கிற ஒரே நாள் இன்று. காண்டிராக்ட் கூட்டம் இந்நேரம் அதற்குள் இறங்கியிருக்கும். இன்றைக்குப் பெரியம்மா எதையும் எழுதப்போவதில்லை. எழுதாததை யாரும் கேட்கப்போவதில்லை. யாரும் கேட்காததற்குப் போன வாரம் எந்தப் பதிலும் வரவில்லை. வரவில்லை என்பதை எல்லாரும் அவளுடைய சாவு என்று எடுத்துக்கொண்டு வடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கனி ஓடினாள்.

தாய்த்தொட்டியின் வாயருகே மேஸ்திரி இல்லை. சுண்டல் வாங்கப் போயிருந்தான். மற்றவர்கள் நிழலில் முறைக்குக் காத்திருந்தார்கள். ஒரு கயிறு மட்டும் வாய்க்குள் இறங்கிப் போயிருந்தது. அவள் குப்புறப் படுத்து உள்ளே தலையை நீட்டினாள். உப்பு மணக்கும் இருட்டு.

“எல இசக்கீ!”

சத்தம் போய் அடியில் மோதி, சுற்றி, நிதானமாக ஏறி வந்தது. அதன் பின்னால் அவன் குரல்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டாள்.

“எல, இருக்கியா?”

“இருக்காம எங்க போவேன்? எக்கா, நீதான் போப்போறேன்னு ஊரே சொல்லுது. ஃபிளெக்ஸ்ல என் படம் போட்டாவளா?”

“ஓரமாப் போட்டிருக்கு. சின்னதா.”

“அதான பாத்தேன். சீவன் போனாக்கூட நமக்கு ஓரந்தான்.”

இப்படியே போயிற்று. கேட்பாள். சத்தம் கீழே போகும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு அவன் வருவான். அந்த இடைவெளியில் கனிக்குக் கடல் கேட்டது, தூரத்தில் பூசை மணி கேட்டது, தன் நெஞ்சு தொட்டித் தகட்டில் அடிப்பது கேட்டது. எத்தனையோ நாளாகிவிட்டது, ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்து. காத்திருப்பது இவ்வளவு பெரிய இடம் என்று அவள் மறந்தே போயிருந்தாள்.

“எல இசக்கீ!”

சத்தம் போயிற்று, மோதிற்று, சுற்றிற்று, ஏறி வந்தது. தனியாக வந்தது.

“இசக்கீ!”

அவள் மூன்றாவது தரம் கூப்பிடவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு போட்ட கத்தலில் நிழலில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். சுண்டல் பொட்டலத்தோடு அவளைத் தேடி வந்துகொண்டிருந்த மச்சாது பொட்டலத்தை எறிந்துவிட்டு ஓடி வந்தார். எல்லாருமாக இழுத்தார்கள். கயிறு கனத்தது. அந்தக் கனத்தை இதற்கு முன்னால் பார்த்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு இழுத்தார்கள்.

இசக்கிராஜ் மேலே வந்தான். முகமெல்லாம் உப்புச் சேறு. கனி அவனை மடியில் போட்டு முந்தானையால் வாயைத் துடைத்து, கன்னத்தில் ஒன்று வைத்தாள். அவன் மெதுவாகக் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தான்.

“அடிக்காதக்கா. தூங்கிட்டேன் போல. ஒரே கெறக்கமா இருந்துச்சு. சொகமா இருந்துச்சு.”

அது கெட்ட காற்றா, வெறும் தூக்கமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முந்தின ராத்திரி அவன் சினிமாவுக்குப் போய்விட்டு வந்தவன் என்பதும் உண்மை. மானி சந்தனப்பொட்டோடு ஓய்வில் இருந்தது. பெரியம்மா பட்டுத்துணிக்குள் இருந்தாள். அன்றைய தாய்த்தொட்டியின் காற்று எந்த இடத்திலும் எழுதப்படாமல், வீசின காற்றாகவே போய்விட்டது.

மறுநாள் துணியை எடுத்துக் கற்பூரம் காட்டிப் பெரியம்மாவை எழுப்பினார்கள். கனி வழக்கம்போல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கேட்டில் நின்றவர்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். கேண்டீனில் வடை மறுபடியும் ஒன்றாயிற்று.

மச்சாது அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். போன வாரமே வந்து குவிந்த பதில்கள். எல்லாம் தொட்டிகளின் காற்று, பூசைக்கு மறுநாளிலிருந்து ஒன்றுவிடாமல். கேட்டவர்: கோமதிநாயகம்.

“ஒன் பேரத்தான் தேடுனோம் கனி. தொட்டியத் தேடல.”

“என் பேரு ஏன் இல்ல?”

“கேக்குதவங்க பட்டியல்லேருந்து மேனேஜர் எடுத்துட்டாரு.”

“ஏன் எடுத்தாவ?”

“ஒன் பேருல பதில் வரலன்னு.”

கனி சற்று யோசித்தாள். “பேர எடுத்ததால பதில் வரல. பதில் வரலன்னு பேர எடுத்தாவ. இதுல எதுண்ணே முந்தி?”

“அதெல்லாம் பூச்சியத்துக்கு அந்தால” என்றார் மச்சாது, டார்ச்சைத் தேடிக்கொண்டு.

எடுத்த பெயரைத் திரும்பப் போட வேண்டும் என்று கனி கேட்கவில்லை. தொட்டி வாயில் தனக்கு ஒரு வேலை வேண்டும் என்று கேட்டாள். அப்படி ஒரு வேலை ஆலையில் இல்லை. ஆனால் செத்தவளாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒருத்திக்கு முன்னால் உட்கார்ந்து இல்லை என்று சொல்ல மேனேஜருக்கு வாய் வரவில்லை. பெரியம்மாவிடம் கோமதிநாயகம் கேட்டார். தொட்டிக்குள் கனி கேட்டாள். அவளுக்கு வெயில் படாமல் இருக்க நாலு கம்பு நட்டு, மேலே அந்த ஃபிளெக்ஸைக் கவிழ்த்துப் போட்டுக் கொடுத்தான் இசக்கிராஜ். நல்ல கனமான ஃபிளெக்ஸ். மேலே வானத்தைப் பார்த்து வெள்ளை முதுகு. கீழே நிழலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், கல்யாணப் பந்தியில் வாயைத் திறந்தபடி அவளே யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார். ஃபிளெக்ஸுக்கு அடியில் நின்று பார்த்தார். கனி உள்ளே குனிந்து கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி கொஞ்ச நேரம்.

“இந்தத் தாமதத்தைக் கொஞ்சம் குறைக்க முடியாதா?” என்றார்.

“அது அவன் மூச்சு விடுத நேரம் சார்” என்றாள் கனி.

மேனேஜர் நாக்கால் மேலண்ணத்தைத் தடவிக்கொண்டார். பிறகு வேட்டி கட்டியவர்போல் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டு, தொட்டி வாயருகே மண்டியிட்டார். உள்ளே எட்டிப் பார்த்து, யாரோ தூங்குகிறவரை எழுப்புவதுபோல், “தம்பி, இருக்கீங்களா?” என்றார்.

சத்தம் கீழே போயிற்று. அவர் காத்திருந்தார்.